ரஃப் நோட்டிலிருந்து ஆர்ட் ஜர்னல் வரை: வீட்டிலேயே செய்வது எப்படி? திண்டுக்கல்லில் என்னென்ன கிடைக்கும்?

ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு சின்ன வேலை நடக்கும். பழைய நோட்டுகளின் எழுதாத பக்கங்களைக் கிழித்து, அடுக்கித் தட்டி, நடுவில் மூன்று ஓட்டை போட்டு, கோணி ஊசியும் சணலும் வைத்து அப்பாவோ அத்தையோ தைத்துக் கொடுப்பார்கள். மேலே பழைய காலண்டர் தாளில் ஓர் அட்டை. அடுத்த வருஷத்துக்கு ரஃப் நோட்டு ரெடி!

அந்த நோட்டில்தான் பலரும் பயமில்லாமல் கிறுக்கியிருப்பார்கள். யாரும் திருத்தமாட்டார்கள், மார்க் போடமாட்டார்கள். கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பூனை, பூனைக்குப் பக்கத்தில் கிரிக்கெட் ஸ்கோர், அதன் கீழே ஒரு கையெழுத்துப் பயிற்சி.

அதே ஆட்கள் இன்று வேலைக்குப் போகிறார்கள். ஆன்லைனில் அழகான லெதர் ஜர்னல் ஒன்றை வாங்கி, முதல் மூன்று பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற தயக்கம்தான் பாதிப் பேருக்கு.

இதற்கு ஒரு நல்ல வழி, ஜர்னலை நாமே செய்வது. நம் கையால் தைத்த, கொஞ்சம் கோணலான புத்தகத்தில் கிறுக்க யாருக்கும் பயம் வராது. திண்டுக்கல், சின்னாளபட்டி, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கான பொருள்களும் ரொம்ப தூரத்தில் இல்லை.

ஆர்ட் ஜர்னல் என்றால் என்ன?

டைரியில் எழுத்து மட்டும் இருக்கும். ஸ்கெட்ச் புக்கில் படம் மட்டும் இருக்கும். ஆர்ட் ஜர்னலில் இரண்டும் கலந்து இருக்கும். ஒட்டிய பஸ் டிக்கெட், காய்ந்த பூ, துணித் துண்டு, நாலு வரி எழுத்து, வாட்டர்கலர் என எதையும் அதில் சேர்க்கலாம். பார்வையாளர் ஒருவர்தான், அதைச் செய்தவர்.

மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ தன் வாழ்க்கையின் கடைசி பத்து ஆண்டுகளில், 1944 முதல் 1954 வரை, இப்படி ஒரு நாட்குறிப்பை வைத்திருந்தார். மை சிந்திய இடங்களைக்கூட முகங்களாக, உருவங்களாக மாற்றியிருப்பார். அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1995இல்தான் அது புத்தகமாக வெளிவந்தது.

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய தினப்படிக் குறிப்புகள் இன்று வரலாற்று ஆவணம். ஊரில் நடந்ததை அன்றன்றைக்குக் குறித்து வைத்தார். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி அந்த நோட்டுகளிலிருந்து வந்ததுதான்.

ஃபோனில் எல்லாம் இருக்கே, இது எதற்கு?

நியாயமான கேள்வி. கேலரியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கின்றன. ஆனால் ஃபோன் தொலைந்தால், பேக்கப் எடுக்காமல் மாற்றினால், பாஸ்வேர்டு மறந்தால் எல்லாம் போச்சு. இருக்கும் படங்களையும் நாம் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

தாள் அப்படி இல்லை, ஆனால் நல்ல தாளாக இருக்க வேண்டும். செய்தித்தாளை வெயிலில் ஒரு வாரம் வைத்தால் பழுப்பாகிவிடுகிறதே, ஏன்? மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் மாறி நிறம் கொடுக்கிறது. கூடவே தாளில் அமிலம் சேர்ந்து நார்கள் உடைகின்றன. பருத்தியில் லிக்னின் கிட்டத்தட்ட கிடையாது, முழுக்க செல்லுலோஸ்தான். அதனால்தான் பருத்தித் தாள் நீண்ட காலம் தாங்குகிறது. நம் பர்ஸில் இருக்கும் ரூபாய் நோட்டுகூட 100 சதவீதம் பருத்தியில் செய்த தாள்தான். பேன்ட் பாக்கெட்டோடு துவைத்த நோட்டு கிழியாமல் வருவதன் ரகசியமும் இதுவே.

மனதுக்கு நல்லதா என்றால், ஓரளவு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் களிமண், மார்க்கர், கொலாஜ் வைத்து ஏதாவது செய்தார்கள். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசோல் அளவு குறைந்திருந்தது. ஓவியத்தில் முன்அனுபவம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இது சின்ன ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். ஜர்னல் மருந்துக்கு மாற்று அல்ல. மனச்சோர்வு தொடர்ந்தால் டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கைத்தாளுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

1934இல் வார்தாவில் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தின் பொறுப்பை ஏற்றவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்தவர். வெளிநாட்டில் படித்த கணக்காயர். எண்ணெய்ச் செக்கு, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு போன்றவற்றோடு அந்தச் சங்கம் கையில் எடுத்த தொழில்களில் ஒன்று கைத்தாள் தயாரிப்பு. ஊரில் வீணாகும் நாரும் கந்தலும் ஊரிலேயே தாளாக வேண்டும், அந்த வருமானமும் ஊரிலேயே தங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

கடைசிக் காலத்தை மதுரை மாவட்டம் கல்லுப்பட்டியில் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி நினைவு நாளில் காலமானார். ராஜஸ்தானின் ஜெய்ப்பூர் அருகே சங்கானேரில் இயங்கும் தேசியக் கைத்தாள் ஆய்வு நிறுவனத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். திண்டுக்கல்லுக்கு எட்டின தூரத்தில் வாழ்ந்தவர், வடக்கே ஒரு தாள் நிறுவனத்தின் பெயராக இருக்கிறார்.

திண்டுக்கல் பக்கத்திலேயே அந்த மரபின் இன்னொரு கிளை இருக்கிறது. டாக்டர் டி.எஸ்.சௌந்திரமும் ஜி.ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே 1947இல் தொடங்கிய காந்திகிராமம். படிப்பும் கைத்தொழிலும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் எழுந்த இடம் அது.

கையால் செய்த தாளும் புத்தகமும் பழங்கதை அல்ல. சென்னையில் 1994இல் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், துணிக் கழிவிலிருந்து செய்த கைத்தாளில், ஒவ்வொரு நிறமாக ஸ்கிரீன் பிரிண்ட் செய்து, கையால் தைத்துப் புத்தகம் போடுகிறது. கோண்டு பழங்குடி ஓவியர்கள் மூவர் மரங்களை வரைந்த அவர்களது கறுப்புத் தாள் புத்தகம் 2008இல் இத்தாலியின் பொலோனியா புத்தகக் கண்காட்சியில் விருது வாங்கியது. மெஷினில் வராத சின்னச் சின்ன வித்தியாசங்களுக்காகவே வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

என்னென்ன தேவை?

முதல் ஜர்னலுக்கு இவ்வளவு போதும்:

- தடிமனான டிராயிங் தாள் (22 x 30 இன்ச் பெரிய ஷீட்) – 3
- அட்டைக்கு மெல்லிய தோல் அல்லது தடித்த துணி – 8 x 12¾ இன்ச்
- தடித்த ஊசி – 1
- குத்தூசி அல்லது காம்பஸ் முனை
- உறுதியான பருத்தி நூல், ஒரு மெழுகுவர்த்தி
- ஸ்கேல், பென்சில், கட்டர்

தாள் வாங்கும்போது ஜிஎஸ்எம் எண்ணைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதே அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 வரை இருக்கும். பேனா, பென்சிலுக்கு 120 போதும். வாட்டர்கலர் தீட்டுவதாக இருந்தால் 200க்குக் குறையாமல் வாங்குவது நல்லது, இல்லையென்றால் தாள் அப்பளம்போல் நெளிந்துவிடும்.

அட்டைக்கு என்ன போடலாம்? இங்கேதான் ஊர் கைகொடுக்கிறது. திண்டுக்கல் தோல் பதனிடுதலுக்குப் பேர்போன ஊர். தென்னிந்தியாவில் தாவரப் பொருள் கொண்டு தோல் பதனிட ஒரு காலத்தில் அதிகம் பயன்பட்டது, நம் கரட்டுக் காடுகளில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரம் செடியின் பட்டைதான். அப்படிப் பதனிட்ட தோல் கையில் பழகப் பழக நிறம் ஆழமாகும். ஒரு முழுத் தோல் தேவையில்லை. பை, பெல்ட் தைக்கும் இடங்களில் மிச்சமாகும் துண்டே போதும்.

தோல் வேண்டாம் என்பவர்களுக்குத் துணி இருக்கிறது. சின்னாளபட்டி கைத்தறிக்கும் சுங்குடிச் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர். பாட்டியின் கிழிந்த சுங்குடிச் சேலை பீரோவில் சும்மா கிடந்தால், அதன் நல்ல பகுதியை வெட்டி, பழைய ஜீன்ஸ் துணி மேல் ஒட்டி அட்டையாக்கலாம். டெய்லர் கடை வெட்டுத்துணியும் சரிப்படும். புத்தகத்துக்குத் துணி அட்டை போடுவதை நம் ஊர் பைண்டிங் கடைகளில் ‘காலிகோ’ என்பார்கள் இல்லையா? கோழிக்கோட்டிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணிக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர் அது.

தாளை எந்தப் பக்கம் மடிப்பது?

முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மெஷினில் செய்த தாளில் நார்கள் ஒரே திசையில் ஓடும். அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும், புத்தகம் நன்றாகத் திறக்கும். குறுக்கே மடித்தால் விளிம்பு வெடிக்கும், பக்கங்கள் விறைத்துக்கொண்டு நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். ஷீட்டை மடிக்காமல், இரு ஓரங்களையும் சேர்த்து லேசாக அழுத்திப் பாருங்கள். பிறகு மற்ற இரு ஓரங்களைச் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் கோடுதான் நார் ஓடும் திசை.

- நார் 30 இன்ச் பக்கமாக ஓடினால்: 11 x 7½ இன்ச் துண்டுகளாக வெட்டுங்கள். 11 இன்ச்சைப் பாதியாக மடித்தால் 5½ x 7½ அளவில் நிமிர்ந்த புத்தகம்.
- நார் 22 இன்ச் பக்கமாக ஓடினால்: 15 x 5½ இன்ச் துண்டுகளாக வெட்டுங்கள். 15 இன்ச்சைப் பாதியாக மடித்தால் அகலமான புத்தகம். மலைக்கோட்டையை முழுசாக வரைய இது வசதி. இதற்கு அட்டை 6 x 16¾ இன்ச் தேவைப்படும்.

இரண்டு முறையிலும் ஒரு ஷீட்டுக்கு 8 துண்டு கிடைக்கும். 3 ஷீட்டுக்கு 24 துண்டு. கட்டரில் நேராக வெட்ட வராது என்று நினைப்பவர்கள் பக்கத்து பைண்டிங் கடையில், “அண்ணே, இந்த மூணு ஷீட்டையும் எட்டு எட்டா வெட்டித் தாங்க” என்றால் கட்டிங் மெஷினில் ஒரு நிமிஷ வேலை. பேரேடு, ரொக்கக் குறிப்பேடு எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு இந்தக் கடைகளில் பழைய கூட்டம் இல்லை. நூல், அட்டை, துணி பற்றி அங்கே கிடைக்கும் யோசனை எந்த வீடியோவிலும் கிடைக்காது. கேட்டுவிட்டு வாருங்கள்.

தைப்பது எப்படி?

துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து, நாலு நாலாக ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். நாலு தாள் என்றால் 16 பக்கம். அச்சகத்தில் இதை ஒரு ஃபாரம் என்பார்கள். மொத்தம் 6 ஃபாரம், 96 பக்கம். தாள் 300 ஜிஎஸ்எம் அளவுக்குத் தடியாக இருந்தால் ஒரு ஃபாரத்துக்கு இரண்டு தாள் போதும், 3 ஷீட் வாங்க வேண்டிய இடத்தில் பாதி வாங்கினாலே புத்தகம் நிறைந்துவிடும்.

கீழே உள்ளது 5½ x 7½ புத்தகத்துக்கான அளவு:

1. ஓட்டை: ஒரு காகிதப் பட்டையை 7½ இன்ச் நீளத்துக்கு வெட்டி, சரிநடுவில் ஒரு புள்ளி, இரு முனைகளிலிருந்தும் 1 இன்ச் தள்ளி ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இதை ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்புக்குள்ளும் வைத்துக் குத்தூசியால் ஓட்டை போடுங்கள். எல்லா ஃபாரத்துக்கும் இதே பட்டைதான், அப்போதுதான் வரிசை தப்பாது.

2. அட்டை: 8 x 12¾ இன்ச் துண்டின் சரிநடுவில் 1¼ இன்ச் அகலத்துக்கு முதுகுப் பகுதியைப் பென்சிலால் குறியுங்கள். அதற்குள் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் 6 கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் அதே பட்டையை வைத்து மூன்று ஓட்டை. மேலும் கீழும் கால் இன்ச் மிச்சம் இருக்கட்டும்.

3. நூல்: புத்தக உயரத்தைப்போல் மூன்று மடங்கு வெட்டி, மெழுகுவர்த்தி மேல் இரண்டு முறை இழுத்துவிடுங்கள். சிக்காது, முடிச்சும் நழுவாது.

4. தையல்: ஃபாரத்தை அதன் கோட்டுக்கு நேராக வையுங்கள். உள்ளிருந்து நடு ஓட்டை வழியாக அட்டைக்கு வெளியே வாருங்கள். உள்ளே ஒரு விரல் நீளம் நூல் மிச்சம் இருக்கட்டும். வெளியிலிருந்து மேல் ஓட்டை வழியாக உள்ளே போங்கள். உள்பக்கமாகவே நடு ஓட்டையைத் தாண்டி, கீழ் ஓட்டை வழியாக வெளியே வாருங்கள். பிறகு வெளியிலிருந்து நடு ஓட்டை வழியாக மறுபடி உள்ளே.

5. முடிச்சு: இப்போது உள்ளே இரண்டு நூல் முனை இருக்கும். நடுவில் ஓடும் நீள நூலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக இருக்கும்படி வைத்து, அதன் மேல் இரட்டை முடிச்சு போடுங்கள். நூலை மடிப்பின் திசையிலேயே இழுங்கள். செங்குத்தாக மேலே இழுத்தால் தாள் கிழியும்.

மற்ற ஐந்து ஃபாரத்துக்கும் இதே வேலை. கோந்து ஒரு சொட்டுகூடத் தேவையில்லை. ஃபாரங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால், டிக்கெட்டும் துணியும் ஒட்டிப் புத்தகம் பருத்தாலும் முதுகு பிளக்காது. கட்டி வைக்க ஒரு பழைய ஷூ லேஸ் போதும்.

கோந்து இல்லாமல் மடித்துத் தைப்பது மிகப் பழைய உத்தி. 1945இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் ஒரு ஜாடிக்குள் கிடைத்த 4ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களும் மடித்த தாள்களைத் தைத்துத் தோல் அட்டை போட்டவைதான்.

தாளையும் வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். எல்லாப் பக்கங்களுக்கும் தேவையில்லை, நடுநடுவே செருக நாலைந்து தாள் செய்து பாருங்கள்.

வீட்டிலிருக்கும் ஒருபக்கம் எழுதிய தாள்களைச் சின்னதாகக் கிழித்து இரவு முழுக்க ஊறவையுங்கள். பழைய மிக்ஸி ஜாரில் கால் பங்கு தாள், முக்கால் பங்கு தண்ணீர் வைத்து விட்டு விட்டு அரையுங்கள். பெரிய டப்பில் தண்ணீரோடு கலக்குங்கள். பழைய போட்டோ ஃப்ரேமில் கொசுவலையை இறுக்கமாக அடித்து, அதை டப்புக்குள் சாய்த்து இறக்கி, சமமாகத் தூக்குங்கள். தண்ணீர் வடிந்ததும் பழைய பருத்தி வேட்டி மேல் கவிழ்த்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, ஃப்ரேமை மெதுவாக எடுத்தால் தாள் துணியில் நிற்கும்.

கவனிக்க வேண்டியவை மூன்று:

- துணியை மிக்ஸியில் போடாதீர்கள். நூல் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் போய்விடும். துணியைக் கூழாக்க ஆலைகளில் தனி இயந்திரம் உண்டு.
- மிச்சக் கூழை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும். வடிகட்டிச் செடிக்குப் போடலாம்.
- திண்டுக்கல் வெயிலை நம்பி மொட்டைமாடியில் அப்படியே காயவைத்தால் தாள் சுருண்டுவிடும். பாதி ஈரம் போனதும் இரண்டு துணிக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லோ தடித்த புத்தகங்களோ வைத்து நிழலில் காயவிடுங்கள்.

காய்ந்த தாளில் மை ஊறிப் பரவும். நீர்த்த சோற்றுக் கஞ்சியைப் பிரஷ்ஷால் இருபுறமும் பூசி, காய்ந்ததும் மிதமான சூட்டில் அயர்ன் செய்தால் பரவல் குறையும். தறிப் பாவுக்குக் கஞ்சி போடும் அதே யோசனைதான் இது. ஆசியாவின் பல பகுதிகளில் கைத்தாளுக்கும் மாவுக் கஞ்சிதான் பூசிவந்தார்கள்.

பசையும் நிறமும்

ஒட்டுவதற்கு மைதா பசை போதும். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். போஸ்டர் ஒட்டுபவர்களும் பைண்டிங் கடைகளும் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம், வீட்டில் வேண்டாம். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

நத்தம் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை. புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் மைதாவைவிட இறுகப் பிடிக்கும் பசை. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகையில் துணி ஒட்டவும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நிறத்துக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டும் நிலக்கோட்டைப் பூக்களும் இருக்கின்றன. வெங்காயத் தோலைக் கொதிக்க வைத்து, சிட்டிகை படிகாரம் சேர்த்தால் தேன் நிறம். செண்டுமல்லி இதழில் மஞ்சள். கடுக்காய்த் தூள் கொதித்த நீரில் துருப்பிடித்த ஆணியைச் சில நாள் போட்டுவைத்தால் கருமை. மஞ்சள்தூள் அழகாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். பீட்ரூட்டை நம்பவே வேண்டாம், ரோஸ் நிறம் சில நாளிலேயே பழுப்பாகிவிடும்.

முதல் பக்கத்தில் என்ன போடுவது?

வெற்றுப் பக்கத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும். அதனால் முதல் பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாவது பக்கத்தில் தொடங்குங்கள். சில யோசனைகள்:

- மலைக்கோட்டை: திண்டு வைத்ததுபோல் கல் இருப்பதால்தான் ஊருக்கே இந்தப் பெயர் என்பார்கள். 1605வாக்கில் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அதன் வெளிக்கோட்டை மட்டும், தாளிலிருந்து பேனாவை எடுக்காமல், இரண்டு நிமிடத்தில் வரையுங்கள். ஒரே இடத்தில் நின்று காலை, மதியம், மாலை மூன்று முறை.
- பூட்டு: 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு. வீட்டில் பழைய பூட்டு இருந்தால் தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தும் வடிவமும் எடுக்கலாம். வரையத் தெரியாதவர்களுக்கு இதுதான் முதல் படி.
- ஒரு நாள் செலவு: டீ, பஸ், பூ, பிரியாணி. விலையோடு எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் படம். பத்து வருஷம் கழித்து அந்த விலைகளே கதை சொல்லும்.
- பேச்சு: பஸ்ஸில், மார்க்கெட்டில் காதில் விழுந்த ஒரு வரி. சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.
- சமையல் குறிப்பு: அம்மாவோ அப்பத்தாவோ கண் அளவில் போடும் குழம்பு. அவர்களையே அவர்கள் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கடைசி யோசனையைத் தள்ளிப்போட வேண்டாம். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வரும், ஆனால் ஒருவரின் கையெழுத்து அவர் இருக்கும்போது மட்டும்தான் கிடைக்கும். ரேஷன் கார்டு கவரின் பின்னால் தாத்தா எழுதிய ஒரு வரியை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் எத்தனை!

எவ்வளவு நாள் தாங்கும்?

சில விஷயங்களைக் கவனித்தால் நம்மைவிட அதிக நாள் தாங்கும்.

பஸ் டிக்கெட், ஏடிஎம் ஸ்லிப், ஹோட்டல் பில் பலவும் இப்போது தெர்மல் தாள். மையே கிடையாது, சூட்டில் கறுக்கும் பூச்சுதான். சில மாதங்களில் வெறுந்தாள் ஆகிவிடும். ஒட்டுவதற்கு முன் ஜெராக்ஸ் எடுங்கள், அல்லது தேதியையும் ஊரையும் பக்கத்தில் கையால் எழுதுங்கள்.

பூவை நேராக ஜர்னலில் வைக்காதீர்கள். செய்தித்தாளுக்கு நடுவே இரண்டு வாரம் அழுத்திக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள். காகிதப் பூ, ஆவாரம்பூ நன்றாக வரும். மல்லிகை பழுப்பாகும், அதையும் தெரிந்தே வைக்கலாம்.

செலோ டேப் வேண்டாம். சில வருஷத்தில் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். மைதா பசையே மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வரும். கஞ்சியும் மாவுப் பசையும் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. ஜர்னலைச் சுவரோரம் வைக்காமல், பக்கத்தில் ஒரு துண்டு வசம்பை மெல்லிய துணியில் கட்டி வையுங்கள். சுவடிகளைக் காத்தவர்கள் பயன்படுத்திய பொருள்தான் அது. மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டுவதுதான் எல்லாவற்றையும்விட நல்ல பாதுகாப்பு.

இந்த ஞாயிறு என்ன செய்யலாம்?

மூன்று பெரிய ஷீட் வாங்க இப்போது வசதி இல்லையா? பீரோ மேல் கிடக்கும் காலேஜ் நோட்டுகளை இறக்குங்கள். எழுதாத பக்கங்களை நாலு நாலாகச் செருகி ஒரே ஒரு ஃபாரம் தையுங்கள். மூன்று ஓட்டை, ஒரு முடிச்சு, பதினைந்து நிமிஷம். தையல் கோணினால் கோணட்டும்.

தைத்து முடித்ததும், விட்டுவைத்த அந்த முதல் பக்கத்துக்கு வாருங்கள். தேதி போட்டு, தாள் எங்கிருந்து வந்தது, துணி யாருடையது, நூல் எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் எழுதுங்கள். பாட்டி சேலை, தம்பியின் பழைய நோட்டு, பைண்டிங் கடை அண்ணன் சும்மா கொடுத்த அட்டைத் துண்டு. படம் ஒன்றும் வரையாமலேயே அந்தப் பக்கம் நிறைந்துவிடும்.